நிழலுக்கும் பூ வைத்தவர்

ஒரு கையில் விளக்கு. மறு கை சுடரைக் காற்றுக்கு மறைக்கிறது. விரல் இடுக்குகளில் சிவப்பு கசிகிறது. இந்தப் படத்தைக் காலண்டரிலோ கண்ணாடிச் சட்டத்திலோ பார்க்காதவர்கள் நம் பக்கம் குறைவு. யார் வரைந்தது என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் ரவிவர்மா என்பார்கள். வரைந்தவர் எஸ்.எல். ஹல்தண்கர். 1882-ல் சாவந்த்வாடியில் பிறந்து, மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்தவர். தன் மகள் கீதாவின் கையில் விளக்கைக் கொடுத்து நிற்க வைத்து, 1945-46 வாக்கில் நீர்வண்ணத்தில் தீட்டினார். மூலப்படம் மைசூர் ஜெகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. ரவிவர்மா அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1906-ல் காலமாகிவிட்டார்.

அந்தக் கீதா நின்ற இடத்தில் இப்போது காரியாபட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி நிற்கிறாள். போன கார்த்திகையில் கடைவீதி ஸ்டுடியோ ஒன்றில், சட்டம் போட்டு முடித்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த படத்தைப் பார்த்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் தம்பி ஒருவன், அருப்புக்கோட்டைப் பக்கம் நூல் மில்லில் வேலை பார்க்கும் தன் அக்காவுக்காகச் செய்யச் சொன்னது. ஸ்டுடியோ என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பாஸ்போர்ட் சைஸ், சடங்கு ஆல்பம், காதுகுத்து ஃபிளக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், நடுவில் ஜெராக்ஸ். ஆல்பத்துக்குப் பக்கம் அமைக்கும் தம்பிதான் இந்தப் படத்தையும் செய்தவர். பழைய ஓவியத்துக்குள் புதிய முகத்தைச் சேர்ப்பதற்கு அந்தக் கடையில் ‘மிக்சிங்’ என்று பெயர்.

மிக்சிங் படங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். சிம்மாசனத்தில் மாப்பிள்ளை, தஞ்சாவூர்ப் படத்துக்குள் கைக்குழந்தைக் கண்ணன், ரவிவர்மாவின் தமயந்தி உடம்பில் கல்யாணப்பெண் தலை. பெரும்பாலும் அவற்றில் தலை ஒரு ஊரிலும் உடம்பு ஒரு ஊரிலும் இருக்கும். முகத்தில் வெயில், உடம்பில் நிலா. இந்தப் படத்தில் அந்தப் பிசகு இல்லை என்று சொல்லிவிட்டால் அது பாராட்டு ஆகாது. ஏன் இல்லை என்று ஒவ்வோர் அங்குலமாகப் பார்க்கத் தோன்றுகிறது.

அக்காவின் படம் என்று முதலில் திருப்பூர்த் தம்பி வாட்சப்பில் அனுப்பியது உச்சிவெயிலில் எடுத்தது. நம் கரிசல்காட்டு வெயில் தலைக்கு மேல் நின்று அடிக்கிற வெயில். புருவத்தின் கீழே இரண்டு குழி இருட்டு, மூக்கின் நிழல் மேலுதட்டில், தாடைக்குக் கீழே கழுத்து முழுவதும் கறுப்பு. ஹல்தண்கர் படத்திலோ வெளிச்சம் நெஞ்சுக்கு நேராக இருக்கும் சுடரிலிருந்து மேலே ஏறுகிறது. எங்கே இருட்டு இருந்ததோ அங்கே வெளிச்சம் வேண்டும். வெளிச்சமான நெற்றி இருட்டுக்குப் போக வேண்டும். பலர் இந்த இடத்தில் முகத்தின் மேல் கொஞ்சம் மஞ்சளை ஊற்றி ஒப்பேற்றிவிடுவார்கள். ஸ்டுடியோத் தம்பி படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். “இந்த வெயில வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே. அக்காவ ஒருநா பொழுது சாய வரச் சொல்லுங்கன்னு சொல்லிட்டேன்” என்றார்.

வந்த அக்காவின் கையில் உண்மையான அகல்விளக்கையே கொடுத்துப் படம் எடுத்திருக்கிறார். செல்போன் டார்ச்சில் மஞ்சள் கண்ணாடித்தாள் ஒட்டிப் பார்த்தாராம், சரிவரவில்லையாம். ஏன் சரிவரவில்லை என்பதில்தான் இந்த வேலையின் நுட்பம் இருக்கிறது. சுடரின் நிறத்தைக் காகிதத்தால் கொண்டுவந்துவிடலாம். சுமார் 1900 கெல்வின் அளவில் எரியும் எண்ணெய்ச் சுடருக்கும் 5500 கெல்வினைத் தொடும் பகல் வெயிலுக்கும் உள்ள வித்தியாசம் கணினியில் ஓர் இழுப்பு. ஆனால் வெளிச்சம் தேயும் விதத்தை அப்படிக் கொண்டுவர முடியாது. தூரம் கூடக்கூட வெளிச்சம் அந்தத் தூரத்தின் இருமடிக்குக் குறைகிறது. சுடரிலிருந்து தாடை ஓர் அடி, நெற்றி ஒன்றரை அடி என்றால், தாடைக்குக் கிடைப்பதில் பாதிகூட நெற்றிக்குக் கிடைக்காது. டார்ச்சை இன்னொருவர் நாலடி தள்ளி நின்று பிடித்தால் தாடைக்கும் நெற்றிக்கும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம் விழும். முகம் தட்டையாகிவிடும். விளக்கைக் கையில் ஏந்தினால்தான் முகத்துக்குள்ளேயே பகலும் இரவும் வரும். இந்தக் கணக்கு எதையும் அவர் சொல்லவில்லை. “கிட்ட புடிச்சாத்தாண்ணே முகத்துல ஏத்த எறக்கம் வருது” என்றார். அதே கணக்குத்தான்.

இனி முகத்தைப் பார்க்கலாம். கீழுதட்டின் அடிவிளிம்பில் ஒரு கோடு பொன். மேலுதடு அதைவிட ஒரு படி மங்கல். மூக்கின் நிழல் வழக்கமாக விழும் பக்கம் விழாமல், மூக்குத்தண்டின் மேலே ஏறிப் புருவங்களுக்கு நடுவே கரைந்துபோகிறது. மூக்குத்துளைகளின் உட்புறம் லேசாகச் சிவந்திருக்கிறது. சாதாரணப் படத்தில் அது அழகுக்குறைவு என்று கறுப்படித்துவிடுவார்கள். இங்கே அதை விட்டிருப்பதால்தான் விளக்கு நிஜமாக எரிகிறது. கீழ் இமையின் மேல்விளிம்பில் ஓர் ஈர மினுக்கம், கருவிழியின் அடியில் சுடரின் பொட்டு. பகல் படங்களில் கண்ணின் ஒளிப்பொட்டு மேலே இருக்கும். அது கீழே இருப்பதை யாரும் எண்ணிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் மேலே இருந்தால் எல்லாருக்கும் ஏதோ உறுத்தும்.

மூக்குத்தியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒற்றைக் கல். அதில் முழு வெள்ளை வைத்திருந்தால் படத்திலேயே வெளிச்சமான புள்ளி அதுதான் என்றாகி, கண் அங்கேயே போய் நின்றிருக்கும். சுடரைவிடப் பிரகாசமாக எதுவும் இருக்கக்கூடாது என்று அதை ஒரு தேன் நிறத்துக்கு இறக்கியிருக்கிறார். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான். வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளைத் தொடாமல் விட்டுவிடுவது அந்த முறையின் பழைய ஒழுக்கம். அதைச் சிக்கனமாகத்தான் செலவழிக்க வேண்டும். கணினியில் வெள்ளைக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் இருப்பதுபோல் அந்தத் தம்பி நடந்துகொண்டிருக்கிறார்.

அடுத்தது ஒட்டு. தலையையும் உடம்பையும் சேர்க்கும் கோட்டை எல்லாரும் ஒளிப்பது தாடைக்குக் கீழே இருக்கும் இருட்டில். கட்டிங் எடுக்கிறவர்களுக்கு அது பாதுகாப்பான இடம். இந்த ஓவியத்திலோ அதுதான் அதிக வெளிச்சமான இடம். ஒளிக்க வழியே இல்லை. அதனால் ஒட்டைக் கழுத்துக்குக் கீழே, ரவிக்கை விளிம்புவரை இறக்கிவிட்டார். அக்காவின் முகத்தோடு அவள் கழுத்தும், கழுத்தில் கிடந்த கவரிங் சங்கிலியும் படத்துக்குள் வந்துவிட்டன. கழுத்தின் இரண்டு மடிப்புகளும் வந்தன. அழிக்கவில்லை. துணியும் தோலும் சந்திக்கும் இடத்தில் எப்படியும் ஒரு கோடு இருக்கும், அந்த இயற்கையான கோட்டின் மேலேயே தன் கோட்டையும் போட்டுவிட்டார். நான் கண்ணை அருகில் கொண்டுபோய்த் தேடினேன். வலது தோளில் மட்டும் ஒரு நூலிழை தெரிகிறது, அதுவும் சொன்னால்தான்.

தலைமுடியில் இன்னொரு சாமர்த்தியம். ஒவ்வொரு முடியாகப் பிரித்து வெட்டுவதைத்தான் இந்தத் தொழிலில் திறமை என்று சொல்வார்கள். அவர் அதைச் செய்யவே இல்லை. விளக்கு முன்னால் இருக்கும்போது தலையின் பின்பக்கம் இருட்டில் கலந்துவிடும். அங்கே விளிம்பே கிடையாது. ஹல்தண்கரும் அங்கே விளிம்பை வற்புறுத்தவில்லை. வெட்டத் தெரிந்தவர் வெட்டாமல் விட்டிருக்கிறார்.

ஆனால் என்னை வெகுநேரம் நிறுத்தி வைத்தது கை.

படத்தில் இருக்கும் கை கீதாவின் கை. சுடரை மறைக்கும் அந்தக் கைதான் ஓவியத்தின் உயிர். ரத்தம் பச்சையையும் நீலத்தையும் விழுங்கிக்கொண்டு சிவப்பை மட்டும் வெளியே விடுவதால் விரல்களின் ஓரம் கனல்கிறது. ஹல்தண்கர் அதைக் கண்ணால் பார்த்துத் தாளில் பிடித்தார். அந்தக் கையை மாற்றினால் படமே போய்விடும். மாற்றாமல் விட்டாலும் சிக்கல் இருக்கிறது. கை வெளுப்பு, அக்கா கறுப்பு. முகம் ஒருத்தியுடையது, கை இன்னொருத்தியுடையது என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும்.

நம் ஊர் ஸ்டுடியோக்களில் இதற்கு ஒரே தீர்ப்புத்தான் வழக்கம். முகத்தைக் ‘கலராக்கி’ கைக்குச் சமமாக்குவது. சடங்கு ஃபிளக்ஸில் பார்க்கிற எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாவில் சுட்ட மாதிரி இருப்பதன் காரணம் இதுதான். கேட்டுக்கொண்டு வருகிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள், கடைக்காரரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. இந்தத் தம்பி அக்காவின் முகத்தை விட்டுவிட்டுக் கையின் நிறத்தை இறக்கினார். புறங்கை, மணிக்கட்டு, முன்கை மூன்றையும் அக்காவின் நிறத்துக்குக் கொண்டுவந்தார். விரல் இடுக்குச் சிவப்பின் மேல் மட்டும் கை வைக்கவில்லை. தோலின் மேலடுக்கு எந்த நிறமாக இருந்தாலும் உள்ளே ஓடும் ரத்தம் அதே சிவப்புத்தானே. கறுத்த புறங்கைக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு மூலப்படத்தில் இருந்ததைவிடக் கூடுதலாகக் கனல்கிறது. மாட்டுச்சாணி அடுப்பில் நீறு பூத்த நெருப்பைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. ஹல்தண்கர் படத்தில் கைவைக்கலாமா என்று ஓவிய ரசிகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். முகத்தையே மாற்றிய பிறகு கையைப் பற்றி மட்டும் கவலைப்படுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, கூர்மை. புகைப்படத்தில் இமைமுடியை எண்ணலாம். ஓவியத்தில் இமை ஒரே தூரிகை இழுப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முகம் மட்டும் சன்னல் வழியாக எட்டிப் பார்க்கும். அதனால் முகத்தின் நுணுக்கத்தைக் குறைத்தார். ஆனால் ஆப்களில் வரும் ‘பியூட்டி’ வழவழப்பு அல்ல இது. கன்னத்து மச்சம் இருக்கிறது. இடது புருவத்தில் சின்ன வயதுத் தழும்பு இருக்கிறது. போனது இமைமுடியும் தோலின் துளைகளும் மட்டுமே, ஒரு ஓவியன் எதை விட்டுவிடுவானோ அது. அப்புறம் ஓவியத்தின் பின்சுவர், யாரும் பார்க்காத வெற்றிடம், அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அதன் நிறத்தை நீக்கிச் சொரசொரப்பை மட்டும் முகத்தின் மேல் விரித்திருக்கிறார். தாள் ஒன்று என்ற எண்ணம் அதனால்தான் வருகிறது. உண்மையில் அவருக்குக் கிடைத்த மூலம் தாளில் வரைந்த ஓவியமே அல்ல, அதன் அச்சுப் பிரதியின் ஸ்கேன். உருப்பெருக்கினால் காலண்டர் அச்சின் நான்கு வண்ணப் புள்ளிகள் தெரிகின்றன. அந்தப் புள்ளிகளும் இப்போது அக்காவின் கன்னத்தில் இருக்கின்றன. சிவகாசிப் புள்ளிகள் என்று சொல்லிக்கொண்டேன்.

இதெல்லாம் கணினி வந்து கற்றுக்கொடுத்த வித்தை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சிறு வரலாறு. 1857-லேயே ரெய்லாண்டர் என்ற புகைப்படக்காரர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கி, பழைய இத்தாலிய ஓவியம் மாதிரி காட்டினார். ராஜஸ்தான் நாதத்வாராவில் ஸ்ரீநாத்ஜி முன்னால் குடும்பம் கும்பிட்டு நிற்கும் ‘மனோரத்’ ஓவியங்களில், உடம்பையும் உடையையும் ஓவியர் தீட்ட, முகத்துக்கு மட்டும் யாத்ரீகரின் புகைப்படத்தை வெட்டி ஒட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து வழக்கம் அது. நம் பக்கத்தில் அந்த வேலையைத் திரைச்சீலை செய்தது. மாளிகைப் படிக்கட்டும் பூந்தொட்டியும் வரைந்த திரைக்கு முன்னால் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றால் நிஜ மனிதர் ஓவியத்துக்குள் போய்விடுவார். கோவில்பட்டியில் நிலைத்துத் தெய்வப்படங்களால் தமிழ் வீடுகளை நிறைத்த சி. கொண்டையராஜு (1898-1976) நாடகக் கம்பெனிக்குத் திரை வரைந்து அந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர்தான். ஃபோட்டோஷாப் 1990-ல் வந்தது. அடுக்கடுக்காக வைத்து வேலை செய்யும் ‘லேயர்’ வசதி 1994-ல்தான் சேர்ந்தது. அதன் பிறகுதான் கடைவீதி ஸ்டுடியோக்களுக்கு இந்த வேலை கைகூடியது.

2020-ல் சென்னைப் புகைப்படக் கலைஞர் ஜி. வெங்கட்ராம், சுஹாசினி மணிரத்னத்தின் ‘நாம்’ அறக்கட்டளைக்காக ரவிவர்மா ஓவியங்களை நடிகைகளை வைத்து மறுபடி உருவாக்கிய காலண்டர் பலருக்கு நினைவிருக்கும். அது வேறு பாதை. புடவை, நகை, ஒப்பனை, விளக்கமைப்பு எல்லாவற்றையும் ஓவியத்துக்கு இணையாகக் கட்டியெழுப்பி மனிதரைப் புகைப்படத்திலேயே ஓவியமாக்குவது. நம் ஸ்டுடியோத் தம்பியிடம் அந்த வசதி எதுவும் கிடையாது. ஓர் அகல்விளக்கு, நல்லெண்ணெய், திரி. ஆனால் இரண்டு இடத்திலும் முதலில் வெளிச்சத்தைத்தான் சரி செய்திருக்கிறார்கள். அதனால்தான் இரண்டும் நிற்கின்றன.

படத்தில் நான் கடைசியாகக் கவனித்தது, முதலிலேயே கவனித்திருக்க வேண்டியது, சுவரில் விழுந்திருக்கும் நிழல். விளக்கேந்திய பெண்ணுக்குப் பின்னால் சுவரில் மங்கலாய்ப் படிந்திருக்கிறதே, அது கீதாவின் தலையின் நிழல். அக்காவோ தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அருப்புக்கோட்டை, காரியாபட்டிப் பக்கம் மல்லிகைக்கு என்ன குறை. தலையில் பூ இருந்து நிழலில் பூ இல்லாவிட்டால்? பார்க்கிறவர்களில் ஆயிரத்தில் ஒருவர்கூடக் கேட்கமாட்டார்கள். அந்தத் தம்பி நிழலின் பின்னந்தலையில் கொஞ்சம் புடைப்பைக் கூட்டியிருக்கிறார். பூவின் இதழ் தெரியாது, விளிம்பு மட்டும் மெத்தென்று மேடு தட்டியிருக்கிறது. சுவர் தூரத்தில் இருப்பதால் நிழல் சற்றே பெரிதாகவும் விளிம்பு மங்கியும் இருக்க வேண்டும், அதுவும் அப்படியே இருக்கிறது. எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். “அக்கா பூ வச்சிருக்காகள்ல, அப்ப நெழலுக்கும் வைக்கணுமில்லண்ணே” என்றார். கேட்டதே அசட்டுத்தனம் என்பதுபோல் பார்த்தார்.

குறை இல்லாமலும் இல்லை. இடது கண்ணில் சுடரின் பொட்டுக்கு மேலே இன்னொரு மெல்லிய வெள்ளைக் கோடு இருக்கிறது. கடை டியூப்லைட்டை அணைக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. எண்ணெய் விளக்கு மட்டுமே எரியும் வீட்டுக்குள் அது எங்கிருந்து வந்தது என்று படம் பதில் சொல்லாது. சங்கிலியின் மினுக்கமும் தேவைக்கு அதிகம். சுடரைவிடப் பிரகாசமாக எதுவும் வேண்டாம் என்று மூக்குத்தியில் காட்டிய கட்டுப்பாடு சங்கிலியில் தளர்ந்துவிட்டது. சட்டம் அதைவிட மோசம். பிளாஸ்டிக் பொன்னிறத்தில் பூவேலை. மெல்லிய கறுப்புச் சட்டம் போதும் என்று நான் சொன்னதற்கு, கேட்டவர்கள் இதைத்தான் கேட்டார்கள் என்றார். அதற்கு மேல் நானும் பேசவில்லை.

இப்போது செல்போனிலேயே ஆப் இருக்கிறது. முகத்தைக் கொடுத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் எந்த ஓவியத்திலும் ஒட்டித் தருகிறது. ஒரு படத்தின் தூரிகைப் பாணியை இன்னொரு படத்துக்கு மாற்றும் வழியை ஜெர்மனியின் ட்யூபிங்கன் ஆய்வாளர்கள் 2015-ல் காட்டிய பிறகு இந்தத் துறை எங்கேயோ போய்விட்டது. தம்பியும் ஒன்றை இறக்கி, அதே அக்காவின் அதே பகல் படத்தை அதில் போட்டுக் காட்டினார். ஒட்டே தெரியவில்லை. வெளிச்சம்கூடக் கீழேயிருந்துதான் வந்தது. ஆனால் அது அக்கா இல்லை. புருவத்துத் தழும்பு போய்விட்டது, மச்சம் இடம் மாறிவிட்டது, நிறம் மூன்று படி ஏறிவிட்டது. நிழலில் பூவும் இல்லை.

ஒரு சட்ட விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹல்தண்கர் 1968-ல் காலமானார். நம் நாட்டுச் சட்டத்தில் ஓவியர் இறந்து 60 ஆண்டுவரை படைப்புக்கு உரிமைக் காப்பு உண்டு. ரவிவர்மா படங்களுக்கு அந்தத் தடை எப்போதோ நீங்கிவிட்டது, இதற்கு நீங்கவில்லை. வீட்டுச் சுவருக்கு ஒன்று செய்துகொள்வது வேறு, நூறு அச்சடித்துக் கடையில் தொங்கவிடுவது வேறு. கடைக்காரர்கள் கவனத்தில் வைப்பது நல்லது.

காரியாபட்டி, மல்லாங்கிணறு, திருச்சுழிப் பக்கம் யாராவது இப்படி ஒரு படம் செய்யக் கொடுப்பதாக இருந்தால் இரண்டு வேண்டுகோள். “கொஞ்சம் கலராக்கி விடுங்க” என்று சொல்லாதீர்கள். படத்தின் கீழ்மூலையில் ஹல்தண்கர் பெயரைச் சின்னதாகப் போடச் சொல்லுங்கள்.